அப்பாவின் காதாக இருந்தவள்

அத்தியாயம் 11

போன வாரம் பெரியவள் செய்த காரியத்துக்கு அவளைத் திட்டாதவர்கள் உங்களில் யாராவது உண்டா? இருக்கமாட்டீர்கள். எழுதுகிற நானே திட்டினேன். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. கோட்டுத் தையல்காரர். போய்ச் சேர்ந்த அம்மாவுக்கும் காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் சண்டை, கொஞ்சல், கோள்மூட்டல் எல்லாமே கையால்தான். அந்தக் கைப்பேச்சையே பிழைப்பாக்கிக்கொண்டவள் மூத்த மகள். கோர்ட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கே காது கேளாதவர் ஒருவர் போய் உட்கார்ந்தாலும் நடுவில் இருந்து இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுசேர்ப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி.

போன செவ்வாய்க்கிழமை அந்த விதியைத்தான் மீறினாள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மொழிபெயர்க்க வரவேண்டிய ஆள் வரவில்லை. "நானே பாத்துக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் வலது முன்கையில் இருக்கும் கட்டி புற்று. முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், விட்டுவைத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார் டாக்டரம்மா. பெரியவள் அப்பாவிடம் சொன்னது இது: "சின்னக் கட்டி. சின்ன ஆபரேஷன். ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்."

கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். வாயால் பேசுகிற நமக்குக் 'கையை எடுக்கணும்' என்பது ரெண்டு வார்த்தை. அந்த மொழியில் அதைச் சொல்ல, சொல்கிறவள் தன் இடது உள்ளங்கையின் ஓரத்தைத் தன் வலது கைமேல் வைத்து அறுத்துக் காட்டவேண்டும். அதுவும் அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே. அவள் கை பாதி தூரம் எழுந்தது. அப்புறம் அதுபாட்டுக்கு வேறு எதையோ சொல்லிவிட்டது.

இன்றைக்கு மறுபடியும் செவ்வாய்க்கிழமை. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அப்பா கையெழுத்துப் போடவேண்டிய நாள்.

* * *

காலை எட்டு மணிக்கு அழைப்புமணிக்குப் பதிலாக அந்த வீட்டில் இருக்கும் சிவப்பு விளக்கு மினுக்கியது. தம்பி காரோடு வந்துவிட்டான். லிஃப்ட் மெக்கானிக், காலை நேரத்தில் லீவு வாங்குவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்பா தானே இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். தம்பியைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கையால் கேட்டார். தம்பி தலையை ஆட்டினான். அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவே இருப்பது மொத்தம் முப்பது வார்த்தை. சாப்பிட்டியா, வா, போ, தூங்கு, மழை. அதுக்கு மேல் வேண்டியிருந்தால் அக்கா இருந்தாள். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

அப்பா பின்சீட்டில். இவர்கள் இருவரும் முன்னால். அப்பாவை வைத்துக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேசுவது இவர்களுக்குப் பழகிப்போன பாவம்.

"ஏன்க்கா, கையையே எடுக்கப் போறாங்க. இந்த மனுஷன் என்னமோ பல்லு புடுங்கிக்கப் போற மாதிரி ஜாலியா உட்கார்ந்திருக்காரு?"

"எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்குவாரு."

"உள்ள ஏதாவது இருந்தாத்தானே வச்சுக்க. அம்மா சாகக் கிடந்த அன்னைக்கே ஊசி நூலத் தூக்கிட்டு வேலைக்குப் போன ஆளுதானே இவரு."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"நான் ஒண்ணும் இல்லாததச் சொல்லலையே?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியில் ஒரு தண்ணீர் லாரி போவதை வேலை மெனக்கெட்டுப் பார்த்தாள்.

* * *

எலும்புப் பிரிவு மூன்றாவது மாடியில். நீளமான நடை, பச்சை நாற்காலிகள், ஒவ்வொரு கதவிலும் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. கதவுக்கு வெளியே நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தாடி.

ஆபீசில் எல்லோரும் அவனைக் கூப்பிடுகிற பெயர் அது. அவள் மாதிரி வீட்டிலேயே கைப்பேச்சோடு பிறந்து வளர்ந்தவன் இல்லை. வகுப்புக்குப் போய்ப் படித்துத் தேறியவன். "பாடப்புத்தகக் கை" என்று அவனை முகத்துக்கு நேராகவே கேலி செய்தவள் இவள். கேலி மட்டும் என்றால் பரவாயில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனியில், காது கேளாத ஊழியர் ஒருவரிடம் "உன்னை வேலையிலேர்ந்து எடுத்தாச்சு" என்று முதலாளி சொன்னதை, பாவம் பார்த்து, "கொஞ்ச நாள் ஓய்வெடு" என்று சொல்லிவிட்டான் தாடி. அந்த ஆள் திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போய் நின்று, வாசலிலேயே அவமானப்பட்டுத் திரும்பினார். தாடி மேல் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம பெரியவள்தான். மூன்று மாசம் அவனுக்கு வேலை இல்லை.

"நீங்களா?" என்றாள்.

"லிஸ்ட்ல என் பேருதான் வந்துச்சு. வேற ஆளு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

வேறு ஆள் என்றால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும். புற்று காத்திருக்காது. அவனை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"ஒரு உதவி பண்ணணும். அப்பாவுக்கு இன்னும் முழுசா தெரியாது."

"எவ்வளவு தெரியும்?"

"கட்டின்னு தெரியும்."

"கை?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"டாக்டர் சொல்றப்போ 'கையில ஆபரேஷன்'னு மட்டும் சொல்லுங்க. பொய்யில்லையே அது? மிச்சத்த நான் வீட்ல போய்ப் பக்குவமா சொல்லிக்குறேன்."

"அப்போ எதுக்குன்னு தெரியாமலேயே அவர் கையெழுத்துப் போடணுமா?"

"அன்னைக்கு எழுதிக் குடுத்தேன்னு இப்போ பழிவாங்குறீங்களா?"

அவனுக்குக் கோபம் வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை.

"நீங்க எழுதினது அத்தனையும் சரி. 'பூசி மெழுகுறது கருணை இல்ல, அந்த மனுஷனோட வாழ்க்கைய அவர்கிட்டேர்ந்து புடுங்குறது'ன்னு எழுதியிருந்தீங்க. அந்த மூணு பக்கத்த நான் இன்னும் வச்சிருக்கேன். அதப் படிச்சுப் படிச்சுத்தான் இந்த வேலைய ஒழுங்கா கத்துக்கிட்டேன்."

"அது யாரோ ஒருத்தர். இவரு எங்கப்பா."

"அதனாலதானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் அந்தக் கோடியில போய் நிக்குறேன், இந்தப் பக்கம் பாக்கமாட்டேன்."

நல்லவன்தான். பாவம், இவளுக்குத்தான் அது இத்தனை நாள் தெரியவில்லை.

அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் உற்சாகமாகக் கதை சொல்லத் தொடங்கினார். எதிர்வீட்டுப் பையனுக்கு வேலைக்கான நேர்முகத்தேர்வு வருகிறதாம், கோட்டு தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். தோள் கொஞ்சம் இறக்கம் அவனுக்கு, உள்ளே ஒரு பட்டை வைத்துத் தூக்கிக் காட்டவேண்டும். அந்தத் தோளை அவர் காற்றில் வரைந்து காட்டினார். வலது கை ஆணையிட்டது, இடது கை துணியாகக் கிடந்தது. அறுபத்தாறு வயது விரல்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"சனிக்கிழமை வெட்டிடுவேன். அதுக்குள்ள விட்டுடுவாங்கல்ல?" என்று கேட்டார்.

பெரியவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

அப்பா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். "உனக்கு என்ன பயம்? சின்ன ஆபரேஷன்தானே."

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

* * *

உள்ளே போனதும் தாடி முதலில் நாற்காலிகளை மாற்றிப் போட்டான். வெளிச்சம் தன் கைமேல் விழவேண்டும் என்று அப்பாவை ஜன்னலுக்கு முதுகு காட்டி, கதவைப் பார்த்து உட்காரவைத்தான். அவனும் டாக்டரம்மாவும் கதவுக்கு முதுகைக் காட்டி எதிரே உட்கார்ந்தார்கள். பெரியவளும் தம்பியும் சுவரோரம்.

"நான் எதையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். இங்க யார் என்ன பேசினாலும் எல்லாருக்கும் சொல்வேன்" என்று கையாலும் வாயாலும் சொன்னான். தொழில் முறை அது. காது கேளாதவர் கையால் சொல்வதை இவன் 'நான்' என்றே வாயால் சொல்வான். அவர் கோபப்பட்டால் இவன் குரலும் கோபப்படும்.

டாக்டரம்மா ஃபைலைத் திறந்தார். "போன வாரம் சொன்னதுதான். வலது கையை முழங்கைக்கு மேல எடுத்துடணும்."

தாடி இடது உள்ளங்கையைத் தன் வலது கைமேல் வைத்து, ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினான். தெளிவாக. தயங்காமல்.

அப்பா சிரித்துவிட்டார்!

மகள் பக்கம் திரும்பி வேகமாக ஏதோ சொன்னார். தாடி, தன்னைப் பற்றித்தான் அந்தப் பேச்சு என்று தெரிந்தும், ஒரு வார்த்தை விடாமல் வாய்விட்டுச் சொன்னான்: "இந்த ஆளு தப்பாச் சொல்றான். கட்டின்னு சொல்லத் தெரியாம கைன்னு சொல்றான். நீ கொஞ்சம் திருத்து."

பெரியவள் திருத்தவில்லை. அந்த மொழியில் பாதிப் பேச்சு முகத்தில்தான். அவள் முகத்தை அப்பா பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டரம்மாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"இவர் சொல்றது சரியா?" தாடியின் வாயிலிருந்து அப்பா கேட்டார்.

"சரி" என்றாள் மகள், கையால்.

"போன வாரமும் டாக்டர் இதையேதான் சொன்னாங்களா?"

"ஆமா."

"நீ மாத்திச் சொன்ன."

"ஆமா."

தம்பி எழுந்துவிட்டான். "என்னக்கா இது? அவருக்குச் சொல்லவே இல்லையா நீ?"

அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி கையைப் பற்றித்தான் கேட்பார், அழுவார், கத்துவார் என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கேட்டது வேறு.

"இதுக்கு முன்னாடி எப்பெல்லாம் மாத்தின?"

பெரியவள் எங்கே தொடங்குவாள்? ஐந்து வயதிலிருந்து அவள்தான் அந்த வீட்டின் காது, வாய் எல்லாம். கடைக்காரர் முதல் வாத்தியார் வரை அப்பாவுக்கு வந்த ஒவ்வொரு பேச்சும் அவள் கை வழியாகத்தான் வந்தது.

"பழைய வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தாள். "அவர் உங்கள ஊமைப்பயன்னுதான் கூப்பிடுவாரு. நல்ல உழைப்பாளின்னு சொல்றார்னு நான் சொன்னேன்."

"அந்தாளப் பாக்கும்போதெல்லாம் நான் சிரிச்சேனே. பத்து வருஷம் சிரிச்சேனே."

அப்பாவின் வலது கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் கன்னத்தில் குழி விழும் இடத்தைத் தொட்டது. அப்புறம் நிறையச் சொன்னது. தாடி திணறினான்.

"மன்னிக்கணும். இந்த முதல் சைகை எனக்குத் தெரியல. யாரையோ சொல்றாரு. யாரு?"

சொன்னது தம்பி. அவனுடைய முப்பது வார்த்தையில் அதுவும் ஒன்று.

"அம்மா. அது எங்கம்மா. அம்மாவுக்குக் கன்னத்துல குழி விழும்."

தாடி ஒரு மூச்சு விட்டுவிட்டு அப்பாவாகப் பேசினான். "என் பொண்டாட்டி போன அன்னைக்குக் காலையில, அந்த டாக்டர் என்கிட்ட என்ன சொன்னாரு?"

ஐயோ, அந்தக் காலை! அவளுக்குப் பதிமூன்று வயது. தம்பிக்கு ஏழு. நாற்பது கட்டில் போட்ட பொது வார்டு. டாக்டர் குனிந்து அந்தச் சின்னப்பெண்ணிடம் சொன்னார்: "அப்பாகிட்ட சொல்லும்மா. இன்னைக்கு எங்கயும் போக வேணாம். சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது." அப்பா மகளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கண் மூடிக் கிடந்தாள். மகளின் கை சொன்னது: "அம்மாவுக்குப் பரவாயில்ல. நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க." அவர் போனார். நாலு மணிக்கு அவர் ஓடிவந்தபோது கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதை இப்போது சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல். கை ஓய்ந்து ஓய்ந்து எழுந்தது. தாடி அவளாகவும் பேசினான். விதி அது. "டாக்டர் உங்கள அங்கேயே இருக்கச் சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு சொன்னாரு. நான்தான் உங்கள வேலைக்கு அனுப்பினேன்."

"ஏன்?"

அதையும் சொன்னாள். "நீங்க அழுதா சத்தம் வரும். உங்களுக்கு அது தெரியாது. அந்தச் சத்தத்துக்கு வார்டு மொத்தமும் திரும்பிப் பாக்கும். எனக்கு வெக்கமா இருந்துச்சுப்பா."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தாடி தரையைப் பார்த்தான். ஆனாலும் முழுசாகச் சொன்னான்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். "அக்கா... இத்தனை வருஷமா நான் இந்த மனுஷன..." என்றான். அதை அப்பாவுக்குச் சொல்லத் தாடி கையைத் தூக்கப் போனான். தம்பி அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். "இருங்க. இத நான் சொல்லிக்குறேன். எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லிக்குறேன்."

போய் அப்பாவின் முன்னால் மண்டியிட்டான். அவனிடம் இருந்த முப்பதில் மன்னிப்புக்கு வார்த்தை இல்லை. கன்னத்தைத் தொட்டு அம்மா என்றான், தன்னைக் காட்டினான், தலையில் அடித்துக்கொண்டான். அப்பா அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் அழுதார். அந்தச் சத்தம் அறையை நிறைத்தது, நடையில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவள் அருகில் போனாள். "அப்பா" என்று அவர் தோளைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்கக் கையை எடுத்தாள்.

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

காது கேட்கிற வீட்டில் கதவை அறைந்து சாத்துவோமே, அந்த வீட்டில் அதற்கு இதுதான். எத்தனையோ சண்டை நடந்த வீடு. யாரும் யாரிடமும் இதைச் செய்ததில்லை. மூடிய கண்ணுக்கு முன்னால் அவள் கை கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றது.

கண்ணைத் திறந்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. தாடியைப் பார்த்தார். "கையெழுத்து இப்போ போடல. டாக்டர்கிட்ட எனக்குக் கேக்க வேண்டியது நிறைய இருக்கு. இவரே சொல்லட்டும். என் பையன் பக்கத்துல இருக்கட்டும். அவ வெளியில உட்காரட்டும்."

தாடி வாயால் சொல்லி முடிப்பதற்குள் அவள் கதவருகே போயிருந்தாள். அப்பா சொன்னதைப் புரிந்துகொள்ள அவளுக்கு யார் குரலும் வேண்டியதில்லையே.

* * *

வெளியே பச்சை நாற்காலி சில்லென்றிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கதவுக் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. பார்க்கக் கூடாது. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பார்ப்பதுதான் ஒட்டுக்கேட்பது. தெரிந்தும் பார்த்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அப்பா எதிரே இருந்தார். தம்பி அவர் தோளைப் பிடித்திருந்தான். அப்பாவின் வலது கை எழுந்தது, தயங்கியது, மடிமேல் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு இடது கை மட்டும் தனியாக எழுந்து, புதிதாகப் பேசப் பழகுகிற மாதிரி மெதுவாகக் கேட்டது.

"ஒத்தக் கையால பேசினா, எதிர்ல இருக்கிறவங்களுக்குப் புரியுமா?"

டாக்டரம்மா ஏதோ சொன்னார். தாடியின் முதுகு அசைந்தது, தோள் அசைந்தது. கைகள் தெரியவில்லை. அவன் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது.

அப்பா நெடுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்தார். சரி என்றாரா, முடியாது என்றாரா என்பது அந்தச் சின்னக் கண்ணாடியில் பிடிபடவில்லை. பெரியவள் எழுந்து கதவுவரை போனாள், கைப்பிடியைத் தொட்டாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான், அப்பாவிடம் ஒருவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை.